அத்தை சொல்லப்போகும் பேர்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், உங்கள் காலில் விழுகிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். நாளைக்குத் தொட்டில் போட்டு முடியும் வரைக்குமாவது.

சின்னண்ணா, கூடம் முழுக்க வசம்பு சுட்ட வாசனை. பெரியண்ணனுக்குப் பையன் பிறந்திருக்கிறான். விளக்கு வைத்த பிறகு வசம்பை நம் வீட்டில் ‘பேர் சொல்லாதது’ என்பார்களே, நீ போன பிறகு உன் பேரும் அப்படி ஆகிவிட்டது.

ஐயாறப்பன். அப்பா காலத்தில் தெருவுக்கு நாலு ஐயாறப்பன் இருந்தார்களாம். உன் வகுப்பில் நீ ஒருவன்தான். ‘தாத்தா’ என்று கூப்பிடுவார்கள். இந்தப் பேர் சொல்லி உன்னைக் கூப்பிட ஆளே இல்லை என்று நானும் சிரித்தேன். அதற்காகவே என்னைத் திருவையாற்றுக்கு பைக்கில் கூட்டிப்போனாய். காவிரியோடு சேர்த்து ஐந்து ஆறு ஓடுகிற மண், அந்த மண்ணுக்கு அப்பன், அந்தச் சாமி பேர்தான் உனக்கு என்றாய். கோயில் பிராகாரத்து மூலையில் நின்று “ஐயாறா!” என்று கத்தினாய். ஏழு முறை திரும்பி வந்தது.

“என்னைக் கூப்பிட ஆளே இல்லன்னியே பாப்பா, ஏழு பேரு கூப்பிடுறாங்க பாரு!”

மோட்டார் கொட்டகையில் வயர் தோல் உரிந்து கிடக்கிறது என்று எத்தனை முறை சொன்னாய். “அறுப்பு முடியட்டும்டா” என்றே தள்ளினார் பெரியண்ணன். இனி அவரை அவன் என்றுதான் எழுதுவேன். அன்றைக்குத் தூறலில் போக மாட்டேன் என்றாய். “கரண்டு வந்துடுச்சு, போய்ப் போட்டுட்டு வாடா. பொட்டச்சி மாதிரி பயப்படுற” என்றான். நீ போனாய். துக்கத்துக்கு வந்தவர்களிடம், “குடிச்சிருந்தான்” என்றான். சோடா குடித்தாலே உனக்குக் கண்ணில் தண்ணீர் வருமே, அண்ணா.

போன வாரம் அம்மா அவனிடம் மெதுவாகக் கேட்டாள்: “தம்பி, சின்னவன் பேரையே வச்சிரலாமேப்பா?”

“செத்தவன் பேரு எம்புள்ளைக்கு எதுக்கு? இனிமே அந்தப் பேர எவ எடுத்தாலும் பல்ல ஒடச்சிருவேன்.”

போனைப் பார்த்து ‘தக்‌ஷித்’ என்று ஒரு பேர் எடுத்திருக்கிறான். “அர்த்தம் என்னங்க?” என்றாள் அண்ணி. “அர்த்தமா முக்கியம்? நம்பர் ஒத்துவருதுல்ல!”

ஆனால் குழந்தை காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டியது அத்தை. இந்த வீட்டில் அத்தை நான் ஒருத்திதான். “உளறாம சொல்லு” என்று எனக்கு அந்தப் பேரை மனப்பாடம் செய்யவைத்தான். தலையாட்டினேன்.

நாளைக்குக் காதுக்குள் சொல்லப்போவதில்லை. பந்தலே கேட்கச் சொல்வேன், உன் பேரை. அத்தை வாயில் வந்த பேரை மாற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்று அண்ணியின் அம்மா இன்றைக்குக்கூடச் சொன்னார்கள். மாமியார் சொல்லை அவன் மீற மாட்டான். சோறூட்டும்போது, அதட்டும்போது, தெருவில் தேடும்போது, ஆயுசுக்கும் உன் பேரைச் சொல்லியே கூப்பிடட்டும். ஒவ்வொரு தடவையும் அவன் வயிறு எரியட்டும். குழந்தைமேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு உன் காது.

எல்லோர் முன்னாலும் அடிப்பான். நினைத்தாலே எழுத்து கோணுகிறது பார். உன் சட்டை, செருப்பு எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். என்னிடம் மிச்சம் இருப்பது இந்தப் பேர் மட்டும்தான்.

இப்போது வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கவில்லை, சின்னண்ணா. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவின் குரல்.

“பாப்பா... இப்ப என்ன பேரு சொன்ன?”