முந்திரியைப் பொறுக்கிய கை

என் தங்கை மைதிலிக் குட்டிக்கு,

நேற்று உன் வருஷ திதி. "அவளுக்கு அடைப் பிரதமன்னா உயிர், அதைத்தான் பண்ணணும்" என்று ஒரு வாரமாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். சமையலுக்கு வந்த மாமி புதியவர். நெய்யில் முந்திரி வறுத்துப் பாயசத்தில் கொட்டிவிட்டார். அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஒரு வருஷமாக முந்திரி என்ற சொல்லே என் வாயில் வருவதில்லை.

உனக்கு அது விஷம் என்று எனக்குத் தெரியாதா? கொல்லத்து உறவுக்காரர்கள் ஆசையாய்க் கொண்டுவரும் முந்திரிப் பொட்டலத்தை அம்மா வாசலிலேயே வாங்கிப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவாள். கிழக்கேகோட்டை பேக்கரியில் ஒவ்வொரு தட்டையும் காட்டி, "இதில் அண்டிப்பரிப்பு உண்டோ சேட்டா?" என்று மலையாளத்தில் முந்திரியைப் பற்றி நீ கேட்பாய். பின்னால் ஆட்கள் நிற்பார்கள். "போறும்டி, ஒண்ணும் வாங்க வேண்டாம், வா" என்று உன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். உன் உயிர் எனக்கு மானப் பிரச்சினையாக இருந்திருக்கிறது, பார்.

பிறகு என் வளைகாப்பு. வலியசாலையில் என் மாமியார் வீடு. நைவேத்தியம் செய்த சர்க்கரைப் பொங்கலை மாமியார் நீட்ட, நீ கையை மடக்கிக்கொண்டாய். "பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லப்படாது குழந்தே" என்றார். அவர் முகம் சுருங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்ணத்தை வாங்கி முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன். "எல்லாம் எடுத்தாச்சு. என் மானத்தை வாங்காதே, ஒரு வாய் சாப்பிடு."

"உனக்காக, அக்கா" என்று சொல்லிச் சாப்பிட்டாய். ஏன்டி சாப்பிட்டாய்? என்னை எதிர்த்துப் பேச உனக்குத் தெரியாதா? ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உனக்கு மூச்சில்லை.

ஏதோ ஒரு துண்டு என் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று அப்பா நம்பினார். "உன் தப்பில்லைம்மா" என்று என்னைத் தேற்றினார். முந்திரி வறுத்த நெய்யே போதும் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிரசவமானதும் அம்மா எனக்குப் பத்தியச் சாப்பாடு போட்டாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று சமையலறையில் அப்பா பிரதமன் உருளியின் முன் உட்கார்ந்து, ஸ்பூனால் கிளறிக் கிளறி முந்திரியை எடுத்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு ஆகாதோன்னோ. எல்லாம் எடுத்தாச்சு. இனி படைக்கலாம், கேட்டியா" என்றார்.

"எடுத்தாப் போறாதுப்பா" என்றேன். "நெய்யிலேயே இருக்கும். டாக்டர் அன்னிக்கே சொன்னார்."

அப்பா என்னையே பார்த்தார். ஸ்பூனைக் கீழே வைத்தார். பிறகு உருளியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார். மறு காதை நான் பிடித்தேன். இருவருமாகக் கொல்லையில் கொட்டினோம். தேய்த்துக் கழுவி, புதிதாகப் பிரதமன் வைத்துப் படைக்க மணி மூன்றாகிவிட்டது. பசித்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

என் மகளுக்குப் பத்து மாதம். அவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று இன்னும் தெரியாது. எதுவானாலும் சரி, எவர் முகம் சுருங்கினாலும் சரி, அவள் கையை மடக்கிக்கொண்டால் நான் அவள் பக்கம் நிற்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் பக்கம் நிற்காத,
உன் அக்கா