நாலு ஓட்டைக் காருக்கு ஐந்து ஓட்டைச் சக்கரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், கார் உட்பட. நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மருமகளுக்குக் கழுத்து வலி என்றாயே, தலையணையை மாற்றிப் பார்க்கச் சொல். மாத்திரை பிறகு.

போன் இருக்கும்போது இந்தக் கிழவி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் அந்த ஐந்தில் கையெழுத்துக்கு நான்தான் முதல், உனக்கே தெரியும். அதனால் பொறுமையாகக் கடைசி வரை படி. முக்கியமான விஷயத்தை நடுவில் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட உத்தரவு மூன்று. காரில் மாட்டிய சக்கரங்களை உடனே கழற்ற வேண்டும். காரை விற்க வேண்டும். உன் மகள் கார் பட்டறை வேலையை விட்டுவிட்டு, உன் தங்கையின் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளையின் ஆபீசில் போய் உட்கார வேண்டும். மூன்றையும் கேட்டுவிட்டுப் பொடிசு "சரிப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். இருபத்து மூன்று வயதாகிவிட்டது, இன்னும் நாம் பொடிசு என்றுதான் கூப்பிடுகிறோம். தட்டில் போட்டதைத் தின்றாள், கழுவி வைத்தாள், அவ்வளவுதான். அவள் சத்தமில்லாமல் இருந்தால் இந்த வீடே வாடகைக்கு விட்ட வீடு மாதிரி இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். மாப்பிள்ளை உன்னிடம் கதையின் வால் பக்கத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

சின்னக் காரின் டயர்கள் நாலும் என் தலை மாதிரி வழுக்கையாகிவிட்டன. அந்த அளவு டயர் இப்போது இங்கே எந்தக் கடையிலும் வருவதில்லை. நீ பெரிய காரை விற்றபோது அதன் அலாய் சக்கரங்களை மட்டும் கொடுக்காமல் சாக்கில் கட்டி வைத்துவிட்டுப் போனாயே, அவை ஏழு வருடமாக என் துணி வெட்டும் மேசைக்கு அடியில்தான் கிடந்தன. குனிந்து பெருக்கும்போதெல்லாம் முழங்கையை இடித்துக்கொண்டது நான். பொடிசு ஒருநாள் அவற்றை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "பாட்டி, இது நல்ல சரக்கு, இந்த அளவு டயர் எல்லாக் கடையிலயும் கிடைக்கும், இதை நம்ம காருக்கு மாட்டலாமா?" என்று கேட்டாள். அப்பாவைக் கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாரு, அதுக்கு எதுக்கு கேக்கணும்?" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மேசை என்னுடையது, அதன் அடியும் என்னுடையது. எடுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன்.

சிக்கல் என்னவென்றால், சின்னக் காருக்குச் சக்கரத்தை மாட்ட நாலு ஓட்டை. உன் சக்கரத்தில் ஐந்து ஓட்டை. சட்டையில் நாலு பொத்தான், எதிர்ப்பக்கம் ஐந்து காஜா என்றால் எப்படி மாட்டுவது? நடுவில் ஒரு பட்டி வைத்துத் தைக்க வேண்டும். அதற்கு அடாப்டர் என்று பெயர். என் கட்டைவிரல் அகலத்துக்குக் கனமான அலுமினியத் தட்டு. நாலு ஓட்டையால் அதைக் காரோடு முடுக்க வேண்டும். அந்தத் தட்டிலேயே ஐந்து போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் உன் சக்கரத்தை மாட்ட வேண்டும்.

அளவு எடுத்தது என் இஞ்சு டேப்பில்தான். நாலு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்குப் பிடித்தால் போதும், பத்து சென்டிமீட்டர் வந்தது. ஐந்தில் ஒரு ஓட்டைக்கு நேர் எதிரே ஓட்டையே கிடையாது. ஒன்றின் வெளி ஓரத்தில் பிடித்து, பக்கத்து ஓட்டையை விட்டுவிட்டு அதற்கடுத்ததன் நடு வரை அளக்க வேண்டும். பதினொன்றரைக்கு நூலளவு குறைவு. நாற்பது வருடம் துணி தைத்த எனக்கு இது தெரியாது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் வேலை பார்க்கும் பட்டறைக்காரரும் தன் இரும்பு அளவுகோலால் அளந்து பார்த்துவிட்டு, "அம்மா, உங்க பேத்தி சொன்னது சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் வேலை இல்லாம போச்சு" என்றார்.

தட்டின் நடு வட்டம் காரின் ஹப்பில், அதாவது சக்கரம் உட்காரும் நடுக் குடத்தில், இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டுமாம், இல்லாவிட்டால் வண்டி நடுங்குமாம். அதற்காக இரண்டு முறை கடைசல்காரரிடம் தட்டைத் திருப்பி அனுப்பினாள். சக்கரம் வெளியே தள்ளி வருவதால் மட்கார்டில் உரசக்கூடாது என்று, சோதனைக்கு ஒருமுறை மாட்டி, பின் சீட்டில் என்னையும் மூன்று துணி மூட்டைகளையும் ஏற்றி ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தாள். நான் நாலாவது மூட்டை. எங்கும் உரசவில்லை. அப்படியே வண்டிப் பரிசோதனை ஆபீசுக்கும் போய், சக்கரம் உடம்பை விட்டு வெளியே துருத்தவில்லை என்று எழுதி வாங்கி வந்தாள். இதையெல்லாம் மாப்பிள்ளை சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது நடுவுக்கு வந்துவிட்டோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்.

சோதனைக்கு மாட்டியதைக் கழற்றி, நிரந்தரமாக மாட்டுகிற அன்று காலையில் பொடிசு காரின் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்தாள். தட்டுகள் நாலையும் சுத்தம் செய்து பேப்பரில் பரப்பினாள். பிறகு நட்டு வாங்கக் கடைக்குப் போனாள், திரும்பச் சாயங்காலம் ஆகும் என்றாள். நான் அந்தத் தட்டுகளைப் பார்த்தேன். பளபளவென்று அழகாக இருந்தன. மழையில் ஓடுகிற வண்டி, வெறும் உலோகமாக மாட்டினால் துருப்பிடித்துவிடாதா என்று தோன்றியது. என் தையல் மெஷின் மூடிக்கு அடித்தது போக வார்னிஷ் அரை டப்பா மீதி இருந்தது. நாலு தட்டுக்கும் முன்னும் பின்னும் இரண்டு பூச்சு அடித்தேன். வெயிலில் வைத்தேன். அவள் வருவதற்குள் காய்ந்துவிட்டது. தண்ணீர் நிற வார்னிஷ் என்பதால் கண்ணுக்கே தெரியவில்லை.

அவள் வந்து பார்த்துவிட்டு, "என்ன பாட்டி, கண்ணாடி மாதிரி துடைச்சு வச்சிருக்க!" என்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வார்னிஷ் அடித்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் பெரிய தப்பு.

உலோகமும் உலோகமும் நேராக ஒட்டி உட்கார வேண்டிய இடமாம் அது. நடுவில் வார்னிஷ் இருந்தால், ஓடும் சூட்டில் அது இளகி நசுங்கிவிடும். நசுங்கினால் நட்டில் இருந்த இறுக்கம் போய்விடும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் அளவாக முடுக்கினாள். டார்க் ரெஞ்ச் என்று ஒன்று வைத்திருக்கிறாள், சரியான இறுக்கம் வந்ததும் டிக் என்று சொல்லும். ஒவ்வொரு நட்டுக்கும் அந்த டிக்கை நானே காதால் கேட்டேன். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும் என்று காலண்டரிலும் எழுதி வைத்தாள்.

முப்பதிலேயே வண்டி நடுங்கியது. நான் முன்னால், மாப்பிள்ளை பின்னால். அவரைப் பாதி வழியில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. பொடிசு ஒரு நொடி யோசிக்கவில்லை, ஓரமாக நிறுத்திவிட்டாள். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே தட்டைப் பிடித்திருந்த நட்டு கையாலேயே திரும்பியது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் போகிற வண்டியெல்லாம் நின்றுவிட்டன. "சக்கரம் கழண்டு வந்திருந்தா என் கதி என்ன?" என்று கேட்டார். என் கதியைப் பற்றி அவர் கேட்கவில்லை, போகட்டும்.

அவள் தட்டின் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். மெல்லிய தோல் மாதிரி உரிந்து வந்தது. அதை முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எதிரே இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தேன். என் மெஷின் மூடியின் வாசனை அவளுக்குத் தெரியாதா? அதற்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவள். மாப்பிள்ளையிடம் திரும்பி, "நான்தான் சரியா சுத்தம் பண்ணல மாமா, தப்பு என்மேலதான்" என்றாள். அந்த வார்த்தைதான் அவர் வழியாக உன் காதுக்கு வந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளாகத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்ற அவள் திட்டு வாங்குகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கிறேன்.

ஆக, தப்பு செய்தது உன் அம்மா. எழுதிவிட்டேன். பார், எழுத்து நேராகத்தான் இருக்கிறது.

அன்றைக்கே பழைய சக்கரங்களை வீட்டிலிருந்து வரவழைத்து மாட்டி வண்டியை மெதுவாகக் கொண்டுவந்தாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து உப்புத்தாளால் நாலு தட்டையும் தேய்த்தெடுத்தாள். தளர்ந்த இடத்து போல்ட்டும் நட்டும் புதிதாகப் போட்டாள். ஐம்பதில் பார்த்தாள், நூறில் பார்த்தாள். உள் நட்டைப் பார்க்கச் சக்கரத்தையே கழற்ற வேண்டும், ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை. என் தையல் சாக்குக்கட்டியால் நட்டிலும் தட்டிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்து வைப்பாள். நட்டு அசைந்திருந்தால் கோடு உடைந்திருக்கும். நேற்றோடு ஐந்நூறு கிலோமீட்டர். நானும் கூடவே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பதினாறு கோட்டில் ஒன்றுகூட உடையவில்லை.

பட்டறைக்காரர் அந்தத் தோலைப் பார்த்தபோதே, "இது வார்னிஷ். எந்த மெக்கானிக்கும் இதை இங்க அடிக்க மாட்டான். யார் வேலை?" என்று கேட்டாராம். தெரியாது என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டே, நடுங்கியதும் நிறுத்தத் தெரிந்தவளிடம்தான் நான் சக்கரப் பிரிவை ஒப்படைப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அது அவள் பொறுப்பு, நீ சரி என்றால். அவள் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருக்கிறாள். கேட்க மாட்டாள். கேட்காத குணம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஒரே ஒரு வருத்தம் உன்மேல் உண்டு. சக்கரம் தளர்ந்தது என்றதும் ஏன் தளர்ந்தது என்று நீ கேட்கவே இல்லை. பெண் பிள்ளை மாட்டினாள், அதனால் தளர்ந்தது என்று முடித்துவிட்டாய். என் மகன் அப்படி நினைப்பவன் இல்லை. தூரத்தில் இருப்பதால் பயம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மற்றபடி குழாய் ஒழுகல் நின்றுவிட்டது, பள்ளிக்கூடச் சீருடை எண்பது தைக்க வந்திருக்கிறது, என் முழங்கால் அதன் இஷ்டப்படி நடக்கிறது. மீதி வார்னிஷைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இருபதாம் தேதி நீ வந்து இறங்கும்போது வேறு வண்டி பிடிக்காதே. நாங்கள் அந்தக் காரிலேயே வருவோம். முன் சீட் உனக்கு, நான் மூட்டையோடு மூட்டையாகப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். ஏறுவதற்கு முன் நட்டெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று உனக்குச் சந்தேகம் வரும். வரட்டும், தகப்பனுக்கு வரவேண்டியதுதான். ரெஞ்ச் அவள் கையில் இருக்கும். அவளிடம் கேட்டு வாங்கிப் பார், ஐயா. கேட்டு வாங்கு.

நீயும் மருமகளும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று தினமும் நினைக்கும்,

உன் அம்மா