திரைக்குப் பின்னால் பாடச் சொன்னவன்

நாஷ்வில்

அன்புள்ள அம்மாவுக்கு, மேவிஸ் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? தங்கச்சி கோராவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நலம்.

எங்கள் பாட்டு வானொலியில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமைக் கச்சேரியில் மேலாளர் டாய்ல், "புருஷன் இல்லாதவ வயித்தத் தள்ளிக்கிட்டு மேடையேறுறதா? உன் தங்கச்சி திரைக்குப் பின்னால நின்னு பாடட்டும்" என்றான். நானும் அவளோடு போய்த் திரைக்குப் பின்னாலேயே நின்று பாடினேன். காலி மேடையைப் பார்த்து, "பொண்ணுங்க எங்கடா?" என்று சனம் கத்தியது. கடைசியில் அவனே திரையை விலக்கினான். இப்போது, மறைவில் பாடவிட்டுத் திரையை விலக்கியது தன் யோசனை என்று பத்திரிகைக்காரர்களிடம் பீற்றிக்கொள்கிறான், அயோக்கியன்!

கோராவின் நீலக் கவுனை இடுப்பில் பிரித்துத் தைத்து அனுப்பு. கூடவே ஆப்பிள் ஜாமும் வை. அதைக் கேட்டு அழுகிறாள், நானும்தான்.

அப்பா இன்னும் அவள் பேரைச் சொல்வதில்லையா? வானொலியில் அவள் பேரைத்தான் முதலில் சொல்கிறார்கள். அவரைக் கேட்கச் சொல்.

அடுத்த ஊர்க் கச்சேரிக்கு பஸ் கிளம்புகிறது.

உன் மேவிஸ்