அப்பாவின் காது சொன்ன ஊர்

கோபத்திலும் என் பிரியம் குறையாத அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று கிழமையாகிறது. பந்தல் பிரித்தாயிற்று. கிணற்றடி வாழை ஒன்று குலை தள்ளியிருக்கிறது, முட்டுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கிற நினைவு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, கனடாவிலிருந்து வந்து நிற்கிற சித்தப்பா எல்லோரையும் ஆக்கினைப்படுத்துகிறார். தன்னுடைய பக்கத்தை அவர் முதலே எழுதிவிட்டார். அதை வாசித்த பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன்.

அவர் எழுதியது உங்கள் காதைப் பற்றி. வேறு எதை எழுதுவார்? கோப்பாயில் உங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். வேலை பார்த்த தபால் கந்தோரில் முத்திரை கேட்கிறவரை நிமிர்ந்து பாராமலே "தீவுப் பக்கமோ?", "பருத்தித்துறையோ?" என்று கேட்பீர்கள். சொல்லை இழுக்கிற விதமும் முடிக்கிற விதமும் உங்களுக்குப் போதும். சந்நிதித் திருவிழாவில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிறவர்கள் எந்த ஊர் என்று நான் கேட்க, நீங்கள் சொல்லச் சொல்ல, எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அது வெறும் விளையாட்டு இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. ஊர் தெரிந்தால் எந்தக் கோயிலடி என்று கேட்கலாம். கோயில் தெரிந்தால் சாதி தெரியும். நேரே கேட்பது மரியாதையில்லை என்பதற்காக நாங்கள் "எவடம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்கப் பழகியிருக்கிறோம். நல்ல மரியாதை.

கொழும்புக்குப் போன இடத்தில், சோதனைச் சாவடியில் உங்கள் சிங்களத்தைக் கேட்டதுமே பஸ்ஸால் இறக்கி வெயிலில் நிற்க வைத்தார்களே, நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தீர்கள். "மனிசரை வாயை வைச்சுப் பிரிக்கிறாங்கள், உவங்கள் உருப்படுவாங்களே?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள். அந்தக் கேள்வியை ஒருநாளாவது உங்களிடமே கேட்டுப் பார்த்தீர்களா, அப்பா?

சித்தப்பா எழுதியிருக்கிற கதை இதுதான். மகளைக் கேட்டு வந்த ஒருவனை, அவன் வாய் திறந்த உடனேயே இன்ன ஆள் என்று அண்ணை பிடித்துவிட்டார், குடும்ப மானம் தப்பியது. என் பெயர் அதில் இல்லை, 'மகள்' என்றுதான் இருக்கிறது. செத்தவீட்டிலும் எட்டாம் நாள் எட்டுச்செலவிலும் அவர் சொன்னது அதே கதைதான். தேத்தண்ணித் தட்டத்தோடு நின்று நானும் கேட்டேன்.

நடந்தது அதுவா, அப்பா?

குகன் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நான் சொல்லித்தான் வீட்டுக்கு வந்தார். அவர் இரண்டு வார்த்தை பேசியதும் நீங்கள் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டீர்கள்.

"தம்பி வட்டுக்கோட்டைப் பக்கமோ?"

"ஓம் ஐயா."

"நினைச்சனான். கதைக்கேக்கையே விளங்குது."

மத்தியானச் சாப்பாடு வரை அவரை விடவில்லை. வேறு யாரையும் தொட விடாத உங்கள் பித்தளை மூக்குப்பேணியில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னீர்கள். அவர் படலையைத் தாண்டியதும் அம்மாவிடம், "எங்கடை பெடியன். உவனை ஒருத்தரிட்டையும் விசாரிக்கத் தேவையில்லை, கதையே சொல்லுது" என்றீர்கள். எந்தக் கோயிலடி என்று கேட்கக்கூட இல்லை. காது இருக்கிறபோது அது எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். நான் குசினிக்குள் நின்று சந்தோசத்தில் அழுதேன். நாள் பார்க்கவும் தொடங்கிவிட்டீர்கள்.

பிறகு வட்டுக்கோட்டையில் சம்பந்தம் செய்திருந்த மாமா வந்து, அவர்கள் எந்தக் குறிச்சி, என்ன சாதி என்று சொன்னார். உங்கள் முகம் கறுத்தது. அது ஒரு கணம்தான். "அண்டைக்கே எனக்குத் தெரியும். வாய் திறந்த உடனையே பிடிச்சிட்டன். வீட்டுக்கு வந்தவனை முகத்துக்கு நேரை சொல்லக்கூடாது எண்டு பேசாமல் இருந்தனான்" என்றீர்கள். அன்று பின்னேரம் அம்மா மூக்குப்பேணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

கலியாணம் நின்றது ஒரு பக்கம் இருக்கட்டும். 'ஏமாந்துபோனன் பிள்ளை' என்று நீங்கள் சொல்லியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். என் வாழ்க்கையைக் கெடுத்தது போதாதென்று, அதை உங்கள் கெட்டித்தனத்துக்குச் சாட்சியாக்கி ஊரெல்லாம் சொன்னீர்களே. அதற்குப் பிறகும் உங்களுக்குச் சமைத்துப் போட்டு, கண்ணுக்கு மருந்து விட்டு, இந்த வீட்டிலேயே இருந்தேன். எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இனி நீங்கள் அறியாத செய்தி ஒன்று. உங்கள் செத்தவீட்டுக்குக் குகன் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது, பிள்ளை குட்டிக்காரர். "ஒருநாள் சோறு போட்ட மனிசன், வராமல் இருக்க மனம் கேக்கேல்லை" என்றார். சித்தப்பா அவரைப் பக்கத்தில் இருத்தி, புகையிலை விலையில் தொடங்கி வட்டுக்கோட்டைப் பழைய மாஸ்டர்மார் வரை கதைத்தார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஆர் பிள்ளை உவர்? நல்ல மனிசன். எங்கடை ஆக்கள்தான் போலை, கதையிலை தெரியுது."

"அவர்தான் குகன், சித்தப்பா."

"எந்தக் குகன்?"

"நீங்கள் எல்லாருக்கும் சொல்லுற கதையிலை வாற ஆள்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "ஓமோம், எனக்கும் கதைக்கேக்கை ஒரு மாதிரித்தான் பட்டது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பா. தகப்பன் செத்த வீட்டில் மகள் சிரிக்கிறாள் என்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் அவர் அந்தப் பக்கத்தை எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தியேட்டிக்குக் குகனையும் குடும்பத்தையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொன்னார். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் அவருக்கு இலை போடுவேன். உங்கள் மூக்குப்பேணியில் அவருக்குத் தண்ணீர் வைப்பேன், நானே. எழும்பிப் போகிறவர்கள் போகட்டும். இந்தக் கடிதம் சித்தப்பாவின் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் வரும். வராவிட்டால் மலர் அச்சுக்குப் போகாது, காசு என்னுடையது.

இனி உங்கள் காதைப் பற்றிக் கதைக்கிறவர்களோடு நான் சண்டை பிடிக்கமாட்டேன். அது ஒருநாளும் பிழை விட்டதில்லை என்று நானும் சொல்வேன். எங்கடை பெடியன் என்றுதானே அது சொன்னது? அதைக் கேட்காமல் விட்டது நீங்கள்தான், அப்பா.

உங்களோடு கடைசிவரை இருந்த
உங்கள் மூத்த பிள்ளை