பெயர் எழுதாத இசைத்தட்டுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்ள மட்டும்தான் முடிகிறது, நீதான் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாயே. குறுஞ்செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டதற்கு அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை. சரி, போன் என்றால் பாதியில் வைத்துவிடலாம், கடிதத்தில் அந்த வசதி இல்லை பார், அதனால் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோபம் இருந்தால் கோபத்தோடேயே படி, பரவாயில்லை, ஆனால் முழுக்கப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, நான் பார்க்கும்போது மட்டும் முனகிக்கொண்டே படி ஏறுகிறார். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, இப்போது குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. போன வாரம் உன் சித்தி வந்திருந்தாள். பொண்ணு இன்னும் அந்த டி.ஜே. வேலையிலதான் இருக்காளா என்று கேட்டாள். டி.ஜே. மட்டும் இல்ல, சொந்தமா இசைத்தட்டு கம்பெனி நடத்துறா என்று நான் பெருமையாகச் சொன்னேன். கம்பெனி பேரு என்ன என்றாள். பேரு கிடையாது, உறையின் மூலையில ஒரு நம்பர் மட்டும் குத்தியிருக்கும் என்றேன். தட்டுல இவ பேராவது இருக்குமா என்றாள். இருக்காது என்றேன். அப்ப இவதான் பண்றான்னு யாருக்குத் தெரியும் என்றாள். யாருக்கும் தெரியாது, அதுதான் அதுல பெருமையே என்றேன். உன் சித்தி என் கையைத் தட்டிக்கொடுத்து, தைரியமா இரு அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அப்பா அதற்கும் ஒரு படி மேலே. அண்டர்கிரவுண்டு இசை என்று நீ என்றைக்கோ சொன்னதை வைத்துக்கொண்டு, கட்டடத்துக்கு அடியில் அறை எடுத்து வாசிக்கிறாய் என்றே இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். சுவத்துல ஈரம் ஏறும், மூச்சுத் திணறல் வரும், மேல் மாடியில எடம் பாக்கச் சொல்லு என்றார். பெரிய கம்பெனிகளிடம் போகாமல் நாலு பேர் சேர்ந்து தாங்களே தட்டுப் போட்டு, தாங்களே விற்று, தாங்களே கேட்டுக்கொள்வதுதான் அண்டர்கிரவுண்டு என்று நான் விளக்கினேன். அதுக்கு ஏன் ஒளிஞ்சுக்கணும் என்று கேட்டார். அதற்கு நீயே அவருக்குப் பதில் எழுது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், தட்டு அடிக்கும் ஆலையும் இங்கே நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் புதுத் தட்டுகளை நம் வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நீ. இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் அந்தத் தாடிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போய்த் தன் கடையிலிருந்து ஊர் ஊராக அனுப்புவார், நான் பெட்டியை வாங்கி வைத்தால் போதும் என்றாய். வாங்கி வைத்தேன். வாங்கி வைத்ததோடு நின்றிருந்தால் நான் உன் அம்மாவே இல்லை. பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் வட்டமாக ஒரு வெள்ளைக் காகிதம், அதில் ஓர் எழுத்து இல்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பெயர் எழுதாத குப்பி ஒன்று வந்தால் அது யாருடையதாக இருந்தாலும் நேரே குப்பைக்குத்தான் போகும், மேலதிகாரியின் சொந்த ரத்தமாக இருந்தாலும் சரி. என் கை சும்மா இருக்குமா. கண்ணாடிக் குப்பியில் எழுதும் பேனாவை எடுத்தேன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினேன். பெயர், வயது, பால், தேதி. கீழே நம் வீட்டுத் தொலைபேசி எண். வெளியூர்க்காரர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். உன் அப்பா மை காயக் காய எடுத்து அடுக்கித் தந்தார், நம்ம பொண்ணு வயசைப் போடணுமா, கொஞ்சம் கொறச்சுப் போடேன் என்று ஒரு யோசனையும் தந்தார். நான் பொய் எழுதுவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ தாடிக்காரர் வாயால் கேட்டு ஆடித் தீர்த்துவிட்டாயாமே. அவர் பாவம், பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டார். இங்கே எங்களுக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவே இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பார்த்தே இராத ஊர்களிலிருந்து யார் யாரோ பேசினார்கள். உன் அப்பாவுக்கு ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு மரியாதை கிடைத்ததே இல்லை, அவ இங்க இல்லைங்க, தூரத்துல இருக்கா, நீங்க சாப்பிட்டீங்களா என்று எல்லோரையும் விசாரித்தார். ஒருத்தர் அழைத்து, முப்பத்தாறு என்று தட்டில் போட்டிருக்கிறதே, அது எதைக் குறிக்கும் குறியீடு என்று ரொம்ப நேரம் கேட்டார். அவளோட வயசுங்க என்றேன். ஆழமா இருக்கும்மா என்றார். இன்னொருத்தர் உன் கம்பெனி, மனிதனையே ஒரு மருத்துவ மாதிரியாகச் சுருக்கிக் காட்டிவிட்டது என்று எங்கோ எழுதியிருக்கிறாராம். என் கையெழுத்துக்கு இவ்வளவு அர்த்தம் இருப்பது தெரிந்திருந்தால் நான் சம்பள உயர்வு கேட்டிருப்பேன். இதில் வேடிக்கை என்ன தெரியுமா, அவசரத்தில் நான் விட்டுவிட்ட தட்டுகள் சில இருந்தன, அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு அம்மா எழுதினது வேணும் என்று கேட்கிறார்களாம். இவர்கள்தான் இசையைத் தவிர வேறு எதையும் பார்க்காத உன் ரசிகர்கள்.

எல்லோரும் அப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும், தாடிக்காரர் மறைக்கத் தெரியாதவர். இந்தப் பெயரில்லாத தட்டுகளை எல்லாம் எங்கேயோ இருக்கிற ஒரு பெரிய பழைய ஆசாமிதான் போடுகிறார் என்று உங்கள் வட்டாரத்தில் பேச்சாம். பெண் என்று தெரிந்ததும் சில பேருக்கு முகம் தொங்கிப்போய்விட்டதாம். முந்தின வாரம் வரைக்கும் இடி மாதிரி இருந்த டிரம் சத்தம் இப்போது கொஞ்சம் மென்மையாகக் கேட்கிறது என்று ஒரு மகானுபாவர் சொன்னாராம். தட்டு அதேதான், கோடு அதேதான், ஊசி அதேதான், அவருடைய காது மட்டும் ஒரே வாரத்தில் மாறிவிட்டது. எங்கள் கூடத்துக்கு அனுப்பிவை, சும்மாவே பரிசோதித்து அனுப்புகிறேன். பேர் போட்டா ஆளைத்தான் பாப்பாங்க, பாட்டைக் கேக்க மாட்டாங்கம்மா என்று நீ முன்பு சொன்னது பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீ இத்தனை நாள் இதை வெளியில் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாயே என்று நினைத்து அழுதுவிட்டேன். ஆனால் அதற்காக நீ கம்பெனியையே மூடப் போகிறாய் என்று தாடிக்காரர் சொன்னாரே, அங்கேதான் எனக்கும் உனக்கும் ஒத்துப்போகவில்லை.

அம்மா ஒன்றும் தெரியாத பாப்பா, பழக்க தோஷத்தில் எழுதிவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியே விட்டிருக்கலாம், எனக்கும் சௌகரியம். ஆனால் உண்மை வேறு. முதலில் எழுதின தட்டுகளில் எழுதியது என் கை. அதற்குப் பிறகு, தட்டின் நடுவில் எதுவும் எழுதக் கூடாது என்று நீ போனில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தேன். மூடி வைத்தவளுக்கு அந்தத் தொப்பிக்காரன் ஞாபகமும் கூடவே வந்தது. அவனும் நீயும் சேர்ந்து தொடங்கின முதல் கம்பெனியைப் பற்றி நீ எங்களிடம் சொன்னதெல்லாம், ஒத்து வரலைம்மா, விலகிட்டேன், அவ்வளவுதான். மீதியை நானாகத் தெரிந்துகொண்டேன். இந்தப் பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு நாள் தாடிக்காரர் கடைக்குப் போயிருந்தேன். உங்கள் ஆட்களுக்கெல்லாம் ரொம்பப் பிடித்த ஒரு பழைய தட்டு என்று சொல்லிப் போட்டுக் காட்டினார். டும் டும் டும் டும் என்று அதே அடிதான், நடுவில் ஒரு பொம்பிளையின் குரல், எடும்மா, எடும்மா, அம்மாதான் பேசறேன், எடும்மா என்று திரும்பத் திரும்ப. நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது உன் போனில் நான் விட்டுவைத்த செய்தி அது. உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஆக்கம் என்ற இடத்தில் அந்தத் தொப்பிக்காரனின் பெயர், அவன் மட்டும். என் மகள் படைத்ததையும் என் குரலையும் சேர்த்து ஒரே கையெழுத்தில் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டான். உறையை இருந்த இடத்திலேயே வைத்தேன். தாடிக்காரர்தான் மேலும் சொன்னார், இப்ப வர்ற இந்த வெத்துத் தட்டெல்லாம்கூட அவர்தான் பண்றாருன்னு பேச்சும்மா, கேட்டா இல்லைன்னும் சொல்ல மாட்டாரு, ஆமான்னும் சொல்ல மாட்டாரு, சும்மா சிரிப்பாரு என்றார். சிரிக்காமல் என்ன செய்வான். நீ உன் பெயரை மறைத்து வைத்திருக்கிறாய், அவன் தன் சிரிப்பை வைத்தே அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். இதை நினைத்ததும் பேனாவை மறுபடி திறந்தேன். மீதித் தட்டுகளில் எழுதியது நான். தெரிந்தே எழுதினேன். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே, வருத்தமே இல்லை.

போன வாரம் அவனே பேசினான். அம்மா, நல்லாருக்கீங்களா, நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று தேன் ஒழுகப் பேசினான். அவ ரொம்ப மனசு ஒடஞ்சு போயிருக்கா போல, மூடப் போறான்னு கேள்விப்பட்டேன், மூடினா அந்தப் பாட்டெல்லாம் வீணாப் போயிடும், நான் எடுத்து நடத்துறேன், ரெண்டு பேரும் சேந்து பண்ணதுன்னே சொல்லிக்கலாம் என்றான். எவ்வளவு தாராள மனசு பார். நான் பார்த்த மாதிரியில ஒரு ஆளோட ரத்தம்தான் தம்பி இருந்துச்சு, உன்னுது இல்ல என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், முழங்கால் வலியை மறந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தார். அதனால்தான் சொல்கிறேன், நீ மூடுவதற்காக அங்கே ஒருத்தன் கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கிறான். என்மேல் கோபம் என்றால் என்னோடு சண்டை போடு, பேசாமல் இரு, இரண்டு வருஷம் வராமல் இரு. அதற்காக அவனுக்குக் கம்பெனியைத் தூக்கிக் கொடுக்காதே.

அடுத்த பெட்டி முந்தாநாள் வந்துவிட்டது. நடைவழியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் தொடவில்லை, அப்பாவையும் தொடவிடவில்லை. தாடிக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார். பெயர் எழுதாமல் போகட்டும் என்று நீ சொன்னால் எழுதாமலே போகும், உன் வேலை, உன் முடிவு. உன் காரணத்தை நான் இப்போது மதிக்கிறேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். எழுதச் சொன்னால் இந்தத் தடவை வயதை விட்டுவிடுகிறேன், அப்பாவும் சந்தோஷப்படுவார். ஆலைக்கே திருப்பி அனுப்பி மூடிவிடச் சொன்னால் அதையும் செய்வேன். ஆனால் எதுவாக இருந்தாலும் தாடிக்காரர் மூலமாக வேண்டாம், அவர் தட்டு விற்பவர், தாய்க்கும் மகளுக்கும் நடுவே தூது போவதற்கு அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

காதில் அந்தச் சத்தத்தை ரொம்பப் பெரிதாக வைத்துக்கொள்ளாதே, எங்கள் கூடத்துப் பக்கத்தில் காது டாக்டர் இருக்கிறார், அவரிடம் வருகிறவர்களைப் பார்க்கிறேன். ராத்திரி வேலை என்றால் பகலில் ஜன்னலை மூடிக்கொண்டு ஒழுங்காகத் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு. வாடகைக்குப் புது அறை பார்த்தால் அப்பாவின் மனசுக்காகவாவது ஈரமில்லாததாகப் பார். நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், உன் கைக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், நீ செய்வதை நாலு பேர் ஆளைப் பார்க்காமல் காதால் கேட்கிற காலம் உனக்கு வரட்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வீட்டு எண்ணுக்கு அழை. இந்த நாட்களில் யார் யாரோ அழைப்பதால் எடுத்ததும் யார் பேசுவது என்று கேட்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது, உன்னையும் கேட்பேன். நான்தாம்மா என்று மட்டும் சொல்லாதே. உன் பெயரைச் சொல்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா