ஹலோ, கேக்குதாடி?

இன்று காலை உன் எண்ணுக்குப் போன் செய்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்ற பதிவுக் குரலைக் கேட்பதற்காகவே அவ்வப்போது அழைப்பேன். கிறுக்குத்தனம்தான், சிரித்துக்கொள். இன்று மணி அடித்தது. "ஹலோ" என்றாள் யாரோ ஒரு பெண். உன் எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

'ஹலோ' என்ற அந்தச் சொல்லைச் சொல்லியே சோறு தின்றவர்கள் நாம். துவாக்குடிப் பக்கத்து ஆலையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஸ்ரீரங்கத்திலிருந்து நான், காட்டூரிலிருந்து நீ. "வணக்கம்னு சொன்னா என்னடி குறைஞ்சு போகும்?" என்று ஒருநாள் கேட்டேன். எங்கேயோ படித்துவிட்டு வந்து மறுநாள் ஆரம்பித்தாய்.

"ஹலோன்னா வணக்கம் இல்லடி. போன் வர்றதுக்கு முன்னாடி அது வெறும் கூச்சல். வேட்டைக்குப் போனவன் நாயைக் கூப்பிடறது, தூரத்துல போறவனை நிறுத்தறது. அக்கரை ஓடக்காரனைக் கூப்பிட்ட சத்தமா இருக்கலாம்னும் சொல்றாங்க. போன் வந்தப்போ, கப்பல்காரங்க மாதிரி 'அஹோய்'னு சொல்லணும்னு ஒருத்தர் அடம் பிடிச்சாராம்."

"நல்லவேளை. நாள் முழுக்க அஹோய் அஹோய்னு கத்தியிருந்தா என்னை வீட்டுலயே சேர்த்திருக்க மாட்டாங்க" என்றேன்.

வரிசையில் முந்துகிறவரை அதட்டும் ஹலோ, பேச்சின் நடுவே சிக்னல் போனால் பதறும் ஹலோ என்று நம் ஊர் வகைகளையும் சேர்த்துக்கொண்டாய். எதிர்முனையில் சத்தமில்லையென்றால் ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டிப்பது எக்ஸ்சேஞ்சில் எல்லோருடைய வழக்கம். நீ மட்டும் துண்டிக்க மாட்டாய். "சொல்லுங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்று காத்திருப்பாய். சூப்பர்வைசர் முறைப்பார். "பேச வரலைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தமா சார்?" என்பாய்.

கடைசியில், தில்லை நகர் மருத்துவமனையில் உனக்குப் பேச்சு நின்றுவிட்டது. ரயிலில் வந்துகொண்டிருந்த என்னை உன் மகள் அழைத்து, போனை உன் காதில் வைத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. ஹலோ, ஹலோ என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. "கேக்குதாடி?" என்றேன். நான் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். என் குரல் உனக்குக் கேட்டதா இல்லையா என்பதுதான் அன்று முதல் என்னை அரிக்கிறது. குக்கர் சத்தம் அடங்கினால் போதும், வீட்டுக்குள் அந்த மூச்சு கேட்கிறது. பயமாக இருக்கிறது. நின்றுவிடக் கூடாதே என்றும் இருக்கிறது.

இன்று அந்தப் பெண் மறுபடியும், "ஹலோ, யாருங்க?" என்றாள். எனக்கு விசும்பல்தான் வந்தது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அழறீங்களா? பரவால்லங்க, மெதுவா சொல்லுங்க. நான் வைக்கல."

அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, குழந்தை ஒன்று சிணுங்கியது. அவள் பொறுமையாக இன்னொரு முறை ஹலோ என்றாள். என்னால் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஆனால் எல்லாமே கேட்டதடி.