உறை மட்டும் கிடைக்கவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வணக்கத்தோடு எழுதுகிறேன். ராத்திரி தூக்கம் வருகிறதா? நான் போலீஸ் வேலைக்கு வந்து நேற்றோடு ஒரு வருஷம். பூட்ஸ் கடிப்பதுகூட நின்றுவிட்டது.

பதறாமல் படி. வீடு புகுந்து திருடிய ஒருவனை நான்தான் அடையாளம் காட்டினேன். ஜாமீனில் வந்தவன் தினமும் எங்கள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை நோட்டை நீட்டினேன். போட்டுவிட்டுச் சிரித்தான்.

"மேடம், அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?"

அதை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் வந்த உன் கடிதத்தில்தான் இருந்தது. அறைக்கு ஓடினேன். பூட்டு போட்டபடியே இருந்தது. தலையணைக்கு அடியில் வைத்த கடிதத்தைக் காணோம்.

இன்ஸ்பெக்டர் அன்றைக்கே அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார். கடிதம் அவன் சட்டைப்பையில் இருந்தது. உறை மட்டும் கிடைக்கவில்லை. நம் வீட்டு முகவரி அதில்தான் இருக்கிறது.

"யார்கிட்டடா குடுத்தே?" என்று எத்தனையோ தடவை கேட்டோம். வாயே திறக்கவில்லை.

எனக்கு ஸ்டேஷன் மாடியிலேயே அறை கொடுத்துவிட்டார்கள். கவலைப்படாதே. சாப்பாடும் அங்கேயே.

நீ மட்டும் கொஞ்ச நாள் சித்தி வீட்டில் இரு. இனிமேல் உறைக்குப் பின்னால் முகவரி எழுதாதே. இதைக் கொண்டுவந்த ஏட்டம்மா என்னோடு வேலை செய்கிறவர். டீ போடுகிறேன் என்று அவரை உட்காரவைக்காதே. மாத்திரையை எடுத்துக்கொண்டு, இப்போதே அவரோடு கிளம்பு.

உன் மகள்